சித்தி பையன் பேச்சு மாறிவிட்டது, எங்கே தொடங்குவது?

செந்தூல்_அக்கா
சித்தி மகனுக்கு 19 வயது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பரீட்சை) முடித்துவிட்டு மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். தைப்பூசம் என்றால் பத்துமலைக்கு முதல் ஆளாகக் கிளம்புபவன், அது நல்லதுதான். ஆனால் இப்போது ராத்திரியெல்லாம் ஏதோ டெலிகிராம் குரூப், காலையில் எழுந்தால் 'நம்ம கோயிலை எல்லாம் இடிக்கப் போறாங்க, நாம திருப்பி அடிச்சாத்தான் அடங்குவாங்க' என்று பேச்சு. கீழ்வீட்டு மலாய்ப் பையனும் இவனும் சின்ன வயதிலிருந்து ஃபுட்சால் கூட்டாளிகள். நேற்று லிஃப்டில் அவன் சிரித்தான், இவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். சித்தியோ 'குடிக்கல, கேங்குல சேரல, சாமி சாமின்னுதானே இருக்கான்' என்று நிம்மதியாக இருக்கிறார். ஏழ்மையா, நெட்டா, எது இவர்களை இப்படி ஆக்குகிறது?

தோட்டத்து_வாரிசு
ஏழ்மைதான், வேறென்ன. ரப்பர்த் தோட்டத்தை விற்று வீடு கட்டினார்கள், நம் ஆட்கள் புறம்போக்கிலும் அப்புறம் பிளாட்டிலும் வந்து விழுந்தார்கள். 2001 மார்ச்சில் கோலாலம்பூர் பக்கம் கம்போங் மேடானில் மலாய்க்காரர்களும் நம் ஆட்களும் மோதி 6 பேர் செத்தது ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் இழவு வீடு, நடுவில் ஒரு தகராறு, மீதியை வதந்தி பார்த்துக்கொண்டது. இரண்டு பக்கமும் இல்லாதப்பட்டவர்கள்தான்.

கிள்ளான்_வாசி
ஏழ்மை மட்டும் என்றால் நம் நாட்டுத் தீவிரவாதி அசஹாரி ஹுசினை எதில் சேர்ப்பீர்கள்? பிரிட்டனில் டாக்டர் பட்டம் வாங்கி, ஜொகூரில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர், பாலி குண்டுவெடிப்பில் தேடப்பட்டு 2005-ல் இந்தோனேசியாவில் செத்தார். 2019 ஈஸ்டர் அன்று கொழும்பு ஹோட்டல்களில் வெடித்தவர்களில் இரண்டு பேர் பெரிய மசாலா வியாபாரியின் பிள்ளைகள். நம்மை யாரும் மதிக்கவில்லை என்ற எண்ணம் பணக்காரனுக்கும் வரும், அதை ஊதிவிட ஒருத்தன் கிடைத்தால் போதும்.

சூலியா_தெரு_பாய்
அக்கா, நான் பினாங்கு, தமிழ் முஸ்லிம். எங்கள் பக்கமும் இதே கதைதான். 2016-ல் கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் ஒரு பாரில் கையெறிகுண்டு வீசி 8 பேருக்குக் காயம், சிரியாவில் ஐ.எஸ். கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு மலேசியன் சொல்லித்தான் செய்தார்கள் என்றது போலீஸ். நேரில் பார்க்காதவன் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு! நான் பார்த்தவரை முதல் அடையாளம் வெளி ஆளை வெறுப்பது இல்லை, சொந்த வீட்டை வெறுப்பது. பாட்டி கையைப் பிடித்து நாகூர் தர்காவுக்குப் போய் வளர்ந்த பையன், திடீரென்று பாட்டியையே வழிகெட்டவள் என்பான். பள்ளிவாசல் இமாம் சொன்னாலும் 'அவருக்கு என்ன தெரியும்' என்பான். உங்கள் பையன் கோயில் குருக்களை, பெரியவர்களை என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள்.

மதத்தைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள், அவனுக்கு அங்கே பதில் எல்லாம் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பார்கள். குரூப்பில் சேர்த்தது யார், பணம் கேட்கிறார்களா, இரண்டையும் கேளுங்கள். ஆள், இடம், தேதி என்று பேச ஆரம்பித்தால் மட்டும் தாமதிக்காமல் போலீஸ். சோஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் 28 நாள் வரை உள்ளே வைக்கலாம், அதையும் சித்திக்குச் சொல்லிவிடுங்கள்.

செந்தூல்_அக்கா
கேட்டேன் பாய். அட்மினை 'அண்ணன்' என்கிறான், பெயர் தெரியாதாம், முகமும் பார்த்ததில்லையாம். கோயில் தலைவரை 'விலைபோனவர்' என்கிறான், அங்கேதான் எனக்குத் திக்கென்றது. பணம் இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போகிறேன். அதுவரை, செந்தூல் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு ஃபுட்சால் சொல்லித்தர ஆள் தேடும் குழு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இவன் நன்றாக ஆடுவான்.