ஸ்டார்லட் ஜிடி டர்போ: வன்னியில் வைத்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

பரந்தன் பக்கம் டொயோட்டாவின் ஸ்டார்லட் ஜிடி டர்போ கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஈபி82 பொடி, 90களின் தொடக்கத்து வாகனம். தூரத்தில் பார்த்தால் ரியூஷன் வாத்திமார் வைத்திருக்கும் சாதாரண ஸ்டார்லட் மாதிரித்தான். பொனற்றில் இருக்கும் காற்று வாய் மட்டும்தான் வித்தியாசம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை, 2025இல் திறந்த பிறகும் எங்கள் பக்கம் இறங்கியதாகத் தெரியவில்லை. புதுக் காருக்குக் கையில் காசில்லை, அதனால்தான் இந்த யோசனை.

நான் தேடி எடுத்த விபரம் இது. எஞ்சின் 4ஈ-எஃப்டிஈ. 1331 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, இரட்டைக் கேம். 6400 ஆர்பிஎம்மில் 135 பிஎஸ், 4800இல் 157 நியூட்டன் மீற்றர். கம்பிரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்) 8.2. சிடி9 டர்போ (புகை வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது), எஞ்சினுக்கு மேலேயே அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர். கார் மொத்தமே ஏறத்தாழ 830 கிலோ. இது கடதாசியில் உள்ளது. வைத்திருந்தவர்கள், கழற்றிப் பூட்டியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். யூடியூப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

மாங்குளம், கராஜ் வைத்திருப்பவர்:

தம்பி, விபரம் சரி. ஆனால் எஞ்சினைப் பார்க்க முதல் வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். எங்களிடம் வருகிறவற்றில் ஜப்பானிலிருந்தே ஜிடியாக வந்தது குறைவு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டி இறக்கிய காரில்) எடுத்த டர்போ எஞ்சினைச் சாதாரண ஸ்டார்லட்டுக்குள் இறக்கியதுதான் அதிகம். அதில் தப்பில்லை, ஆனால் எஞ்சின் நம்பர் மாறியது புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் பிறகு அந்த அலைச்சல் உங்களுக்குத்தான்.

இன்னொரு வகையும் உண்டு. சாதாரண 4ஈ-எஃப்ஈ எஞ்சினில் டர்போவை மட்டும் கொண்டுவந்து பூட்டியிருப்பார்கள். அளவு அதே 1331 சிசி, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அதன் கம்பிரஷன் 9.6. அதற்கு மேல் பூஸ்ட்டும் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) ஏறி, 92 ஒக்ரேன் பெற்றோலும் ஊற்றி, சித்திரை வெயிலில் ஏ9இல் மிதித்தால் நொக்கிங் (கலவை தன்பாட்டில் வெடித்துத் தட்டுவது) வராமல் என்ன செய்யும்? பிஸ்டனில் ரிங் இருக்கும் காடியின் விளிம்பு உடைந்து வரும். அப்படி உடைந்ததை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையில் உள்ள விளிம்பில் நகமளவு துண்டு காணவில்லை, சிலிண்டர் சுவரில் நெடுக்காகக் கீறல். கார் ஓடித்தான் வந்தது. ஒயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை அடித்ததால்தான் பிடிபட்டது.

அசல் எஃப்டிஈ அப்படி இலகுவில் உடையாது. அது டர்போவுக்கென்றே கம்பிரஷன் குறைத்துச் செய்தது. எங்கள் ஊரில் அதற்கு எமன் தண்ணீர். வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் குணம் உங்களுக்குத் தெரியும், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதே படிவு ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் பிடிக்கும். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த ஒரு காரின் ரேடியேற்றரை வெட்டிப் பார்த்தோம். பாதிக் குழாய்களுக்குள் கம்பிகூட நுழையவில்லை. சூடு ஏறுகிறது என்று யாரோ தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபானை நேரடியாக பற்றரியில் கொடுத்திருந்தார்கள். ஹெட் (எஞ்சினின் மேல் மூடி) வளைந்து, அதன் அடியில் தண்ணீரையும் வாயுவையும் அடைக்கும் காஸ்கெட் போய்விட்டது. இந்த டர்போவின் பெயாரிங்கும் ஒயிலோடு தண்ணீராலும்தான் குளிர்கிறது, ஆகவே தண்ணீர் ஓட்டம் குறைந்தால் இரண்டுக்கும் சேர்த்தே சேதம்.

பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கப் போங்கள். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குமிழி வந்துகொண்டே இருந்தால் காஸ்கெட். அடுத்தது காது. குளிரில் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் குறைந்தால் டெபெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்பார்கள். நம்பாதீர்கள். சிடி9இல் டர்பைன் கூடும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டும் ஒரே வார்ப்பு. வருடக்கணக்கில் சூடாகி ஆறி அதில் வெடிப்பு விழும். இரும்பு விரிந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும், சத்தமும் அடங்கும். வேஸ்ட்கேட் (மிஞ்சும் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பும் கதவு) துளைப் பக்கம் மயிரிழையாக இருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் ஓடலாம், வெளிப்பக்கம் கரி ஊதியிருந்தால் வேறு டர்போ பார்க்க வேண்டும்.

வவுனியாவிலிருந்து:

அண்ணை சொன்னதோடு என் பங்கையும் போடுகிறேன். நான் வாங்கியது அசல் ஜிடி. டாஷ்போர்டில் லோ சுவிட்ச் இருக்கும். அமுக்கினால் பூஸ்ட் சுமார் 0.4 பாரோடு நின்றுவிடும், விட்டால் 0.65 வரை போகும். மழைக்காலத்தில் லோவில் போட்டே ஓட்டுவேன். அதிலேயே புளியங்குளம், கனகராயன்குளம் நேர்வீதியில் பஸ்ஸைக் கடக்கத் தாராளமாகக் காணும்.

எனக்கு முதல் வைத்திருந்தவருக்கு அது காணவில்லை போல. பூஸ்ட்டைக் கூட்டப் பூஸ்ட் கன்ரோலர் பூட்டியிருந்தார். கொம்பனி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), பூஸ்ட் அளவுக்கு மிஞ்சினால் பெற்றோலை வெட்டும். பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போலக் கார் நிற்கும். அது பழுதில்லை, காவல். அந்தக் காவலை ஏமாற்ற அவர் இன்னொரு சின்னப் பெட்டியும் வைத்திருந்தார். இந்த எஞ்சின் உள்ளே போகும் காற்றை மேப் சென்சர் அளக்கும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. பெட்டி அந்தச் சிக்னலை ஒரு அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கும். காற்று கூடுகிறது, ஈசியூவுக்குத் தெரியாது, பெற்றோல் கூடாது. கலவை மெலிந்து பிஸ்டன் தலை உருகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பழுப்பு, ஒன்று மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. பெட்டியையும் கன்ரோலரையும் கழற்றிப் பழைய வாக்குவம் குழாய்களை எல்லாம் மாற்றினேன். அந்தக் குழாய்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெயிலில் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கும், மேப் சென்சருக்குப் போகும் குழாய் ஒழுகினால் கார் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும்.

பெற்றோல் விஷயம்: 95 கிடைத்தால் 95தான். உள்ளே போகப் போக எல்லாச் செட்டிலும் இருக்காது, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நிரப்பிக்கொண்டு போவது நல்லது. 92தான் இருக்கிறது என்றால் லோவில் போட்டுவிட்டு அமைதியாகப் போகலாம்.

அப்புறம் முறிகண்டி. ஏ9இல் போகிற எல்லோரும் பிள்ளையாருக்கு இறங்குவோம், கச்சான் வாங்குவோம். நூறில் வந்த காரை வாசலில் நிறுத்தி உடனே திறப்பைத் திருப்பினால், கொதிக்கிற டர்போவுக்குள் நிற்கும் ஒயில் அப்படியே கருகிக் கரியாகும். நான் கொக்காவிலிலிருந்தே கால் எடுத்துவிடுவேன். நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஐடிலில் விடுவேன். வீட்டுக்காரி சாமி கும்பிட்டுவிட்டு வருவதற்கும் அது நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

ஒயில் ஒழுக்கு பற்றி யாரும் சொல்லவில்லை. என்னுடையதில் எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் எப்போதும் ஈரம். ஒரு கராஜில் ‘பின் சீல் போய்விட்டது, கியர் பொக்ஸ் இறக்க வேண்டும்’ என்று சொல்லி இறக்கியும் விட்டார்கள். சீல் மாற்றி ஏற்றிய பிறகும் அதே ஈரம். வேறொரு பெரியவர் துணியால் துடைத்து, மாவு தூவி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு மேலே கையைக் காட்டினார். டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது) ஹெட்டுக்குள் போகும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அங்கிருந்து வடிந்து கீழே சேர்கிறது. சாமான் விலை ஒரு பிளேன்ரீக் காசுக்குக் கொஞ்சம் கூட.

முல்லைத்தீவிலிருந்து:

புகை பார்த்துச் சொல்லலாம். இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு தரம் நீலமாக ஊதி நின்றால் வால்வு சீல், அது பெரிய செலவில்லை. பூஸ்ட் ஏறும்போது ஊதிக்கொண்டே வந்தால் ரிங், அல்லது டர்போ. ஓடி வந்து ஐடிலில் நிற்கும்போது புகை கூடிக்கொண்டு போனால் நான் முதலில் டர்போவைத்தான் சந்தேகிப்பேன். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் பேசாமல் திரும்பி வாருங்கள்.

கிரவல் ரோட்டுக்காரர்கள் அந்தத் திறந்த கூம்பு எயார் ஃபில்டரைத் தயவுசெய்து பூட்டாதீர்கள். சத்தம் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் செம்மண் தூசி அதன் வழியே போய் டர்போவின் கொம்பிரஸர் இதழின் ஓரத்தைத் தேய்த்ததைப் பார்த்தேன். அசல் பெட்டி ஃபில்டர்தான் நல்லது.

கிளிநொச்சியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். புத்தகத்தில் எஞ்சின் நம்பர் சரி, ஜிடியாகவே வந்தது. ரேடியேற்றரில் குமிழி இல்லை, ஆனால் தண்ணீர் கலங்கிய செங்கல் நிறம், கூலன்ட் என்று ஒன்றைக் கண்டதேயில்லை போல. குளிரில் டிக் டிக் கேட்டது, விற்கிறவர் கேட்காமலேயே ‘அது டெபெட் தம்பி’ என்றார். காலையில் ஒரு தரம் நீலப் புகை. கூம்பு ஃபில்டர் பூட்டியிருக்கிறது, அசல் பெட்டி வீட்டில் இருக்கிறதாம். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து கம்பிரஷன் பார்க்க நாளை மாங்குளம் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார்.

மாங்குளம், கராஜ் வைத்திருப்பவர்:

கொண்டு வாருங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட வந்தால் போதும், எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பயமில்லை. ஒன்று மட்டும் விழுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். டர்போக் கூட்டின் விலையைக் கேட்கிற தொகையில் கழித்துப் பேசுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியது, தெரியாது என்று சொன்னால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வராதீர்கள், இங்கே கூலன்ட் இருக்கிறது.