சென்னை பில்லில் இரண்டு வித ஜிஎஸ்டி: அவசர உதவி

சிப்புட் சேலைக்கடை:
வணக்கம். தீபாவளிக்காக எங்கள் மலேசியக் கடைக்குச் சென்னையில் ஒரே கடையில் பட்டுச்சேலை எடுத்தோம். ஒரு பில்லில் 40,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) இரண்டாகப் பிரிந்து சிஜிஎஸ்டி 1,000, எஸ்ஜிஎஸ்டி 1,000. இன்னொன்றில் 60,000 ரூபாய்க்கு ஐஜிஎஸ்டி 3,000. ஏன் இப்படி? நாளைக்குள் இரண்டாவது பில்லுக்குப் பணம் அனுப்ப வேண்டும்.

பீடோர் கணக்கர்:
சரக்கு எப்படி வந்தது அண்ணா? பெட்டியிலா, கார்கோவிலா?

செம்பனைக்காரன்:
ஐஜிஎஸ்டி என்றால் வெளிமாநிலச் சரக்கு. பெங்களூர்க் கிளையிலிருந்து அனுப்பியிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

பழைய உறுப்பினர்:
பில்லில் ‘சப்ளை இடம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? அடிப்படையே தெரியாமல் வணிகம் செய்யக் கூடாது.

பீடோர் கணக்கர்:
தெரியாததால்தானே கேட்கிறார் ஐயா.

சிப்புட் சேலைக்கடை:
மன்னிக்கவும். முதல் சரக்கை மனைவி பெட்டியில் கொண்டுவந்தார்; ‘தமிழ்நாடு 33’ என்று இருக்கிறது. இரண்டாவது கார்கோ, ‘மலேசியா’.

பீடோர் கணக்கர்:
விளங்கிவிட்டது. சேலைக்கு வரி 5 விழுக்காடு. கடையிலேயே கைமாறினால் மாநிலத்துக்குள் நடந்த விற்பனை: பாதி மத்திய அரசுக்கு (சிஜிஎஸ்டி), பாதி தமிழ்நாட்டுக்கு (எஸ்ஜிஎஸ்டி). மாநில எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டினால் ஐஜிஎஸ்டி. ஆனால் ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். கடைக்காரர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வரியில்லாமல் அனுப்பலாம்; அல்லது ஐஜிஎஸ்டி கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். அவருக்குத் திரும்பி வரும் 3,000 ரூபாயை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? பணம் அனுப்பும் முன் கேளுங்கள்.

பாகான் செராய் ஆசிரியர்:
அங்கே மாநிலத்துக்குப் பாதியாவது கிடைக்கிறது. நம் மலேசியாவும் மாநிலங்கள் சேர்ந்த கூட்டரசுதான். 2015 ஏப்ரல் முதல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டினோமே, நம் பேராக் மாநிலத்துக்கென்று அதில் தனிப் பங்கு இருந்ததா?

செம்பனைக்காரன்:
அங்கும் நெய்த ஊருக்குக் கிடைப்பதில்லை. காஞ்சிபுரத்துச் சேலை பெங்களூரில் விற்றால் மாநிலப் பங்கு கர்நாடகத்துக்கே. உற்பத்தி மாநிலங்கள் அதற்குத்தான் அஞ்சின. ஆண்டுக்கு 14 விழுக்காடு வருவாய் வளர்ச்சி என்று கணக்கிட்டு ஐந்தாண்டு இழப்பீடு தருவதாகச் சட்டமே எழுதினார்கள்.

பாகான் செராய் ஆசிரியர்:
விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் ஊருக்கு ஒன்றுமில்லை, டயர் வாங்குகிற ஊருக்கு வரியா? என் தந்தை முப்பது ஆண்டு பால் வெட்டினார். இதை என்னால் ஏற்க முடியாது.

செம்பனைக்காரன்:
வரியைக் கட்டுபவர் டயர் வாங்குபவர்தானே ஐயா. அவர் ஊர்ச் சாலைக்கு அது போக வேண்டாமா?

பழைய உறுப்பினர்:
இந்த விவாத இழை சேலை பில்லைப் பற்றியது.

சிப்புட் சேலைக்கடை:
கேட்டேன். 3,000 ரூபாயைக் கழித்துப் புது பில் அனுப்பிவிட்டார்கள். நன்றி தம்பி.