பஸ்ரா சென்று திரும்பிய கொள்ளுத்தாத்தாவின் படைச்சேவையையும் பூர்விக ஊரையும் கண்டறிவது எப்படி?

கேள்வி: திருமங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையின் தாத்தா முதல் உலகப் போரின்போது இன்றைய ஈராக்கில் உள்ள பஸ்ராவுக்குச் சென்று உயிருடன் திரும்பியவர். ஊரார் அவரைப் 'பஸ்ராக்காரர்' என்றே அழைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு இன்றும் 'பஸ்ராக்காரர் வீடு' என்றுதான் பெயர். அவருடைய தகரப்பெட்டியிலிருந்து எங்களுக்குக் கிடைத்தவை இரண்டே பொருள்கள். ஒன்று, செம்பு நிறத்தில் ஒரு பதக்கம்; அதன் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆளும் 1914, 1918 என்ற ஆண்டுகளும் உள்ளன. மற்றொன்று, 1926இல் எழுதப்பட்ட ஒரு நிலக் கிரயப் பத்திரம். டிஸ்சார்ஜ் சான்றிதழோ புகைப்படமோ இல்லை.

அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதை அறிய விரும்புகிறேன். அதைவிட முக்கியமாக, எங்கள் முன்னோர் 'தெற்கேயிருந்து' பிழைப்புக்காகத் திருமங்கலம் பக்கம் வந்தவர்கள் என்று மட்டும் பாட்டி சொல்லியிருக்கிறார்; அது எந்த ஊர் என்று சொல்ல இன்று எவரும் இல்லை. படையில் சேரும்போது சொந்த ஊரை எழுதியிருப்பார்கள் என்பதால், ஒரு பதிவேட்டைக் கண்டுபிடித்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும் என்று நம்புகிறேன். ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதில், படை எண் இல்லாமல் தேட இயலாது என்று பதில் வந்தது. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி: பழைய ஏடு

தம்பி, படை எண் உங்கள் கையிலேயே இருக்கக்கூடும். நீங்கள் சொல்லும் பதக்கம் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அதன் விளிம்பைச் சுற்றிப் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலச் சுருக்கங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து, ஒரு பூதக்கண்ணாடி கொண்டு படியுங்கள். எக்காரணம் கொண்டும் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்க வேண்டாம்; பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துப் பதக்கத்தையும் விளக்கி எழுத்துகளை மழுங்கடித்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

செம்பு நிறம் என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். சிப்பாய்களுக்கு வழங்கப்பட்ட பதக்கம் வெள்ளியால் ஆனது. வெண்கலத்தால் ஆனவை பெரும்பாலும் தொழிலாளர் படை, சுமைதூக்குவோர் படை போன்ற பிரிவுகளில் இருந்தவர்களுக்குத் தரப்பட்டவை. ஆகவே முதலில் உலோகத்தை உறுதிசெய்து கொள்ளுங்கள். வெள்ளியும் கறுத்துப்போகும் என்றாலும் செம்மை தட்டாது.

ஒருவேளை அது வெள்ளியாக இருந்து, விளிம்பில் காலாட்படையின் பெயர் வந்தால், அந்தப் பெயரில் இன்று எந்தப் படையும் இல்லை என்று மனம் தளர வேண்டாம். 79ஆம் கர்நாடிக் காலாட்படை போன்ற பழைய பிரிவுகள் 1922இல் 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்டாக ஒன்றுசேர்க்கப்பட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருவானது. அதன் மையம் இன்று நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் பிரிவென்றால் பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் குழுவுக்கு எழுத வேண்டும்.

இணையத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் தேடச் சொல்லிச் சிலர் ஆலோசனை தரக்கூடும். அது போரில் இறந்தவர்களுக்கான பட்டியல். உங்கள் கொள்ளுத்தாத்தா திரும்பி வந்தவர். பஞ்சாபைச் சேர்ந்த சுமார் 3,20,000 பேரின் சேவை விவரங்கள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஊர்வாரியாகக் கிடைத்தது போல நம் மாகாணத்துக்கும் ஒன்று கிடைத்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் கேள்வி தீர்ந்திருக்கும். அது இல்லாத நிலையில் பதக்கத்தின் விளிம்புதான் நமக்கு முதல் ஆவணம்.

மறுமொழி: வைகைக்கரை வாசகி

பூர்விக ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் தாய்வழிப் பாட்டனாரின் ஊரைத் தேடி நான் மூன்று ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். நீங்கள் ராணுவப் பதிவேட்டை நம்பி 1926ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அக்காலப் பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் இருவரையும் பற்றி இன்னாருடைய குமாரர், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம், இன்ன ஊரில் இருப்பவர் என்று விவரமாக எழுதுவார்கள். குடிபெயர்ந்து வந்தவராக இருந்தால் பழைய ஊரையும் குறிப்பிடுவது உண்டு. கையெழுத்து புரியாவிட்டால் பழைய பத்திர எழுத்தர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு முந்தைய மூலப்பத்திரம் ஏதேனும் குறிப்பிடப்பட்டிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்தது குலதெய்வம். உங்கள் குடும்பம் சிவராத்திரிக்கு எந்தக் கோயிலுக்குப் போகிறது? அந்தக் கோயில் வேறோர் ஊரின் மூலக்கோயிலிலிருந்து பிடிமண், அதாவது ஒரு பிடி மண், எடுத்துவந்து கட்டியதா என்று பூசாரியிடம் கேளுங்கள். பிடிமண் எடுத்த ஊர்தான் பெரும்பாலும் பூர்விகம். அந்த மூலக்கோயிலில் குடும்பந்தோறும் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டு இருந்தால், எந்தெந்தப் பங்காளி எந்த ஊருக்குப் போனார் என்பது தெரியவரும். என் தேடல் முடிந்தது ஆவணக் காப்பகத்தில் அல்ல, அப்படிப்பட்ட ஒரு நீளநோட்டில்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊர் நகராவிட்டாலும் மாவட்டம் மாறியிருக்கும். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். ஆகவே ஒரே ஊர் அப்பாவின் காலத்தில் ஒரு மாவட்டத்திலும் மகனின் காலத்தில் வேறொன்றிலும் இருக்கும்.

பதில்: திருமங்கலத்தான்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. பதக்கம் வெண்கலம்தான். விளிம்பில் ஓர் எண், கொள்ளுத்தாத்தாவின் பெயர், அதன்பின் 'போர்ட்டர் கோர்' (சுமைதூக்குவோர் படை) என்பதன் சுருக்கம் ஆகியவை தெளிவாகத் தெரிகின்றன. அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று பாட்டி சொன்னபோதெல்லாம் நாங்கள் அதைத் தன்னடக்கம் என்றே எடுத்துக்கொண்டோம். பாட்டி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கேட்கத் தவறியவர்கள் நாங்கள்.

பத்திரத்தையும் மீண்டும் படித்தேன். 'சாத்தூர் தாலுகாவிலிருந்து வந்து தற்சமயம் திருமங்கலம் தாலுகாவில் குடியிருக்கும்' என்று அவரைக் குறித்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் தாள் மடிந்து கிழிந்திருக்கிறது. முதல் எழுத்து மட்டும் தெரிகிறது.

மறுமொழி: பழைய ஏடு

தம்பி, சுமைதூக்குவோர் படை என்பதைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். 1916இல் பஸ்ராவில் போதிய கப்பல்துறை இல்லாமல் சரக்குக் கப்பல்கள் பல வாரங்கள் ஆற்றிலேயே காத்துக் கிடந்தன. உணவும் மருந்தும் குண்டுகளும் படைமுனைக்குப் போய்ச்சேராத அந்த நிலையை மாற்றியதில், மூட்டைகளைத் தோளில் இறக்கியவர்களுக்கும் துறையும் சாலையும் அமைத்தவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதன்பிறகுதான் 1917 மார்ச் 11ஆம் நாள் பாக்தாத் பிடிபட்டது.

இந்தப் படையினர் குறுகிய கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள் என்பதால் தனிநபர் ஏடு கிடைப்பது அரிது. ஆனால் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இருந்த பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் எங்கெங்கு வேலை செய்திருக்கக்கூடும் என்பதை அவற்றைக் கொண்டு அனுமானிக்கலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறையின் கோப்புகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாகாணப் படை என்ற தனி அமைப்பு 1895இல் முடிவுக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய ராணுவக் கோப்புகளை டெல்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும்.

சாத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. எங்கே தேடினாலும் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை ஆகிய மூன்று பெயர்களிலும் தேடுங்கள்.

மறுமொழி: வைகைக்கரை வாசகி

தாள் கிழிந்திருந்தால் கவலை வேண்டாம். பதிவான பத்திரத்தின் படி சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் பத்திரத்தின் பின்பக்கம் இருக்கும் பதிவு எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். கிழிந்த ஊர்ப்பெயர் அதில் கிடைக்கும். கிடைத்ததும் அந்த முதல் எழுத்தோடு பொருந்துகிறதா என்று இங்கே எழுதுங்கள். சாத்தூர் பக்கத்துக் கோயில்கள் சிலவற்றின் பங்காளிகளை எனக்குத் தெரியும், விசாரித்துச் சொல்கிறேன்.