மேடைப் பதிவில் டிராக் மாறும்போதெல்லாம் ஒலி அறுபடுகிறது: கோளாறு பிளேயரிலா, கோப்பிலா?

கேள்வி

வணக்கம். இரண்டு சிடிக்களாக வெளிவந்த ஒரு மேடை நிகழ்ச்சிப் பதிவைச் சில ஆண்டுகளுக்கு முன் நானே கணினியில் 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகளாக மாற்றி வைத்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் செல்லும் பதிவு அது. ஒரு பாட்டு முடிந்து எழும் கைதட்டலுக்கு நடுவிலேயே அடுத்த டிராக் தொடங்கிவிடும். கணினியில் ஃபூபார்2000 என்ற இசை மென்பொருள் வழியாகக் கேட்டால் டிராக் மாறியதே தெரிவதில்லை. அதே ஆல்பத்தை அண்மையில் வாங்கிய கையடக்க பிளேயரில் கேட்கும்போது, ஒவ்வொரு டிராக்கின் எல்லையிலும் ஒலி ஒரு கணம் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக் கணினியில் நிறுவியுள்ள இசை சர்வரிலிருந்து கைப்பேசியில் ஸ்ட்ரீம் செய்து கேட்டாலோ, அந்த மௌனம் ஏறத்தாழ ஒரு விநாடிக்கு நீள்கிறது.

பிளேயரின் கையேட்டில் ‘கேப்லெஸ்’ (டிராக்குகளுக்கு இடையே மௌனம் விடாமல் ஒலிப்பது) வசதி உண்டு என்று தெளிவாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். அமைப்புகளில் அது இயக்கத்தில்தான் இருக்கிறது. மெமரி கார்டை மாற்றிப் பார்த்தேன், புதிதாக ஃபார்மட் செய்தேன், ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன். எதுவும் பலன் தரவில்லை. நான் பயன்படுத்துவது ப்ளூடூத் ஹெட்போன் என்பதால், கோளாறு அதில்தானோ என்ற ஐயமும் இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கவிடும் கிராஸ்ஃபேட் என்று ஒன்று அமைப்புகளில் இருக்கும். அதை ஒரு விநாடிக்கு வைத்துவிடுங்கள், மௌனம் காதில் விழாது.

கேள்வி கேட்டவர்

நன்றி. உடனே செய்து பார்த்தேன். கைதட்டல் வரும் இடங்களில் குறை மறைந்துவிடுகிறது. ஆனால் ஐந்தாவது டிராக்கின் இறுதியில் பாடகர் இழுத்து நிறுத்தும் ஒரு சுரம் ஆறாவது டிராக்கிலும் தொடர்கிறது. அந்த இடத்தில் இப்போது ஒரே குரல் இரண்டாகப் பிளந்து, தன் மீதே ஏறி ஒலிக்கிறது. முன்பிருந்த மௌனத்தைவிட இது அதிகமாக உறுத்துகிறது.

மறுமொழி 2

கிராஸ்ஃபேட்டை அணைத்துவிடுங்கள். தனித்தனிப் பாடல்களை ஒன்றோடொன்று குழைத்துக் கேட்பதற்கான வசதி அது. ஒரே பதிவை வெட்டி வைத்த துண்டுகளை மீண்டும் இணைக்க அது உதவாது. ப்ளூடூத்தின் மேல் உள்ள ஐயத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். ஹெட்போனுக்குச் செல்வது ஒரே ஒலி ஓட்டம். டிராக் எங்கே மாறியது என்பதே அதற்குப் பெரும்பாலும் தெரியாது. கம்பியுள்ள ஹெட்போனை ஒருமுறை செருகிக் கேட்டால் அது உறுதியாகிவிடும்.

உங்கள் விவரிப்பில் எனக்குப் பிடித்தது, இரண்டு மௌனங்களின் நீளத்தையும் தனித்தனியே குறித்திருப்பதுதான். ஒன்று கண்ணிமைக்கும் நேரம், மற்றொன்று ஒரு விநாடி. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

முதலில் சிறிய மௌனம். எம்பி3 ஒலியை ஃபிரேம் எனும் சிறு துண்டுகளாகத்தான் சேமிக்கிறது. ஒரு ஃபிரேமில் 1152 சாம்பிள்கள், அதாவது ஒலியின் அளவீட்டுப் புள்ளிகள். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற சிடி வேகத்தில் இது ஏறத்தாழ 26 மில்லிவிநாடி. பாடலின் நீளம் 1152-ஆல் மீதியின்றி வகுபடாதபோது, கடைசி ஃபிரேமில் எஞ்சும் இடத்தை, எம்பி3 கோப்பை உருவாக்கும் மென்பொருளான என்கோடர் மௌனத்தால் நிரப்புகிறது. தொடக்கத்திலும் இதே தொல்லைதான்: லேம் (LAME) என்ற என்கோடர் இயல்பாக 576 சாம்பிள் தாமதத்தைச் சேர்க்கிறது, கோப்பை மீண்டும் ஒலியாக்கும் டிகோடர் தன் பங்குக்கு 529 சாம்பிள்களைக் கூட்டுகிறது. ஆக, லேம் உருவாக்கும் ஒவ்வொரு எம்பி3 கோப்பின் தலையிலும் 1105 சாம்பிள், அதாவது 25 மில்லிவிநாடி வெறுமை. வாலிலும் சிறிது வெறுமை. சிடியில் இல்லாத இந்த மௌனம், எம்பி3 என்ற வடிவத்தோடு உடன் பிறந்தது.

இதற்கு மாற்று கண்டவர்கள் லேம் என்கோடரை உருவாக்கியவர்கள். கோப்பின் முதல் ஃபிரேமில் ஒரு குறிப்பை எழுதிவைத்து, தலையில் இத்தனை சாம்பிளையும் வாலில் இத்தனை சாம்பிளையும் வெட்டி எறியுமாறு பிளேயருக்குச் சொல்கிறார்கள். எண் ஒவ்வொன்றுக்கும் 12 பிட், மொத்தமே மூன்று பைட். கேப்லெஸ் வசதியுள்ள பிளேயர் என்றால், எம்பி3 கோப்பைப் பொறுத்தவரை, அந்த மூன்று பைட்டைப் படித்து நடக்கும் பிளேயர் என்றுதான் பொருள். குறிப்பு அழிந்திருந்தால், எவ்வளவு நல்ல பிளேயராக இருந்தாலும் எங்கே வெட்டுவது என்று அதற்குத் தெரியாது.

ஒரு சோதனை செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 440 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஒரு நிமிடத்திற்கு உருவாக்கி, 30-ஆவது விநாடியில் லேபிள் வைத்து இரண்டு கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒருமுறை ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் வடிவில், ஒருமுறை எம்பி3 வடிவில். இசையில் ஒளிந்துகொள்ளும் இடைவெளி இந்த ஒற்றை ஒலியில் ஒளிய முடியாது. சிறு வெட்டு இருந்தாலும் ‘டக்’ என்று கேட்டுவிடும். நான்கு கோப்புகளையும் நீங்களே ஃபைல் மேனேஜர் வழியாகக் கார்டில் நகலெடுத்துக் கேட்டுவிட்டு, என்ன நடந்தது என்று எழுதுங்கள். பாடல்களை இதுவரை எந்த வழியில் கார்டுக்கு மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கத்திற்கு மிக்க நன்றி. கம்பியுள்ள ஹெட்போனிலும் அதே மௌனம் இருக்கிறது. ப்ளூடூத்தைத் தவறாகச் சந்தேகித்துவிட்டேன்.

சோதனை முடிவுதான் குழப்புகிறது. பிளேயரில் ஃப்ளாக் கோப்புகள் இடைவெளியின்றி ஒலித்தன. எம்பி3 கோப்புகளும் அப்படியே ஒலித்தன. 30-ஆவது விநாடி எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. அப்படியானால் பிளேயரில் குறையில்லை. என் ஆல்பக் கோப்புகளும் கணினியில் சரியாக ஒலிப்பதால் அவற்றிலும் குறையில்லை. இரண்டும் சேரும்போது மட்டும் ஏன் அறுபடுகிறது? பாடல்களை மாற்றுவதற்குக் கணினியில் ஓர் ஒத்திசைவு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். கார்டைச் செருகியதும் அதுவே எல்லாவற்றையும் ஏற்றிவிடும்.

மறுமொழி 2

கார்டில் உள்ள கோப்பையும் கணினியில் உள்ள கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவை ஒப்பிடுங்கள். 320 கேபிபிஎஸ் என்பது விநாடிக்கு 40 கிலோபைட். நான்கு நிமிடப் பாடல் 9.6 எம்பி அளவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

கணினியில் 9.6 எம்பி உள்ள கோப்பு, கார்டில் 5.8 எம்பி மட்டுமே இருக்கிறது. பெயர், ஆல்பப் படம், டிராக் எண் என அனைத்தும் அப்படியே இருப்பதால் இத்தனை மாதங்களாக எனக்கு ஐயமே எழவில்லை.

மறுமொழி 2

5.8 எம்பி என்றால் 192 கேபிபிஎஸ். உங்கள் ஒத்திசைவு மென்பொருள் நகலெடுக்கவில்லை. கார்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒவ்வொரு பாடலையும் அவிழ்த்து, மறுபடி எம்பி3 ஆக்கி எழுதுகிறது. அதனிடம் உள்ள என்கோடர் அந்த மூன்று பைட் குறிப்பை எழுதாமல் விடுகிறது போலும். பெயரும் படமும் பத்திரமாக வந்து சேரும், வெட்ட வேண்டிய அளவு மட்டும் வழியில் தொலைந்துபோகும். கூடவே, ஏற்கெனவே இழப்போடு சுருக்கப்பட்ட ஒலியை இரண்டாம் முறையும் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

மென்பொருளின் அமைப்புகளில் ‘மாற்றிச் சேமி’, ‘பிட்ரேட்டைக் குறை’ போன்ற தேர்வு ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு, கார்டில் உள்ள ஆல்பத்தை அழித்து மீண்டும் ஏற்றுங்கள். அல்லது ஃபைல் மேனேஜரில் கோப்புறையை இழுத்துப் போடுங்கள். நான் எப்போதும் செய்வது இதைத்தான்.

மறுமொழி 3

ஸ்ட்ரீமிங் பக்கம் இன்னும் யாரும் போகவில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு விநாடி மௌனத்தில் ஃபிரேம் நிரப்பலின் பங்கு மிகச் சிறிது. நடப்பு டிராக் முழுவதும் முடிந்த பிறகுதான் உங்கள் கைப்பேசிச் செயலி அடுத்த டிராக்கை சர்வரிடம் கேட்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த டிராக்கை முன்கூட்டியே இறக்கி வைக்கும் தேர்வு செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செயலியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சப்சோனிக் ஏபிஐ-யை (இசை சர்வரும் செயலியும் பேசிக்கொள்ளும் ஒரு பொது முறை) பேசும் சர்வர் என்றால் அதற்குப் பல செயலிகள் கிடைக்கின்றன. சர்வரைத் தொட வேண்டியதில்லை.

அதைச் சரிசெய்த பிறகும் ஒரு சிறு ‘டக்’ மிஞ்சக்கூடும். அப்போது சர்வரில் டிரான்ஸ்கோடிங் நடக்கிறதா என்று பாருங்கள். டேட்டாவைச் சிக்கனப்படுத்துவதற்காக சர்வர் பாடலைப் பறக்கும்போதே எம்பி3 ஆக மாற்றி அனுப்பினால், அங்கே ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. வாலில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது பாடல் முழுவதையும் என்கோட் செய்து முடித்த பிறகுதான் தெரியும். ஆனால் அதை எழுத வேண்டிய இடம் கோப்பின் முதல் ஃபிரேம். வட்டில் எழுதும்போது திரும்பிச் சென்று நிரப்பலாம். நெட்வொர்க்கில் முதல் ஃபிரேம் எப்போதோ கையை விட்டுப் போயிருக்கும். எனவே டிரான்ஸ்கோடிங்கை அணைத்து மூலக் கோப்பையே அனுப்பச் செய்யுங்கள். டேட்டாவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், எம்பி3-க்குப் பதிலாக ஓபஸ் வடிவைத் தேர்ந்தெடுங்கள்: தலையில் தள்ள வேண்டிய சாம்பிள் எண்ணிக்கை அதன் தலைப்பிலும், வாலில் நிறுத்த வேண்டிய இடம் கடைசிப் பக்கத்திலும் எழுதப்படுவதால், ஓட்டமாக அனுப்பினாலும் எதுவும் தொலைவதில்லை. செயலி அதை மதித்து நடக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கேள்வி கேட்டவர்

இரண்டு நாட்களாக இதிலேயே இருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. ஒத்திசைவு மென்பொருளில் மாற்றும் தேர்வை நீக்கிவிட்டு ஆல்பத்தை மீண்டும் ஏற்றினேன். ஐந்தாம் டிராக்கின் அந்த நீண்ட சுரம் இப்போது அறுபடாமல் ஆறாம் டிராக்குக்குள் நுழைகிறது. சர்வரில் டிரான்ஸ்கோடிங் 128 கேபிபிஎஸ் எம்பி3 என்று இருந்தது. நிறுவிய அன்று நானே வைத்தது, மறந்தே போய்விட்டேன். அதை அணைத்து, முன்னிறக்கம் உள்ள வேறொரு செயலிக்கு மாறியதும் கைப்பேசியிலும் சரியாகிவிட்டது.

ஆனால் பிளேயரில் ஒரே ஓர் இடம் மட்டும் அடம் பிடிக்கிறது. ஒன்பதாவது டிராக் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு சிறு ‘க்ளிக்’ ஒலியும், அரை விநாடிக்குக் குறையாத மௌனமும் வருகின்றன. மற்ற பதின்மூன்று டிராக்குகளிலும் எந்தக் குறையும் இல்லை. கணினியிலும் கைப்பேசியிலும் இந்த இடத்தில் க்ளிக் கேட்பதில்லை.

மறுமொழி 2

ஒன்பதாவது டிராக் மற்றவற்றோடு சேர்ந்து அதே சிடியிலிருந்து வந்ததுதானா? அதன் சாம்பிள் ரேட் என்ன?

கேள்வி கேட்டவர்

48,000 ஹெர்ட்ஸ். மற்றவை அனைத்தும் 44,100. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது: இரண்டாவது சிடியில் கீறல் இருந்ததால் அந்த ஒரு டிராக்கை அன்று படிக்க முடியவில்லை, பின்னர் வேறொரு வழியில் பதிவிறக்கிச் சேர்த்தேன்.

மறுமொழி 2

அதுதான். 44,100 ஹெர்ட்ஸுக்கும் 48,000 ஹெர்ட்ஸுக்கும் கையடக்க பிளேயர்கள் பலவற்றில் வேகத்தைத் தாளமிடும் தனித்தனி கிளாக் இருக்கும். ரேட் மாறும்போது, எண்களை ஒலி அலையாக மாற்றும் சில்லான டிஏசி ஒருகணம் ஒலியை அடைத்து, கிளாக்கை மாற்றி, மீண்டும் திறக்கும். நீங்கள் கேட்கும் க்ளிக் அந்தக் கதவுச் சத்தம். கைப்பேசியும் கணினியும் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே ரேட்டுக்கு மாற்றிவிட்டே வெளியே அனுப்புவதால் அங்கே தெரிவதில்லை.

அந்தக் கோப்பை ரீசாம்பிள் செய்து 44,100-க்குக் கொண்டுவந்தால் க்ளிக் போய்விடும். ஆனால் வேறு இடத்திலிருந்து வந்த டிராக் என்பதால், அதன் தொடக்கமும் முடிவும் உங்கள் சிடியின் வெட்டுகளோடு சாம்பிள் பிசகாமல் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. சிடியில் டிராக் எல்லைகள் விநாடியில் 75-இல் ஒரு பங்கு, அதாவது 588 சாம்பிள் கொண்ட அலகுகளில் விழுகின்றன. அந்தத் துல்லியம் சிடியிலிருந்து மட்டுமே கிடைக்கும். எனவே சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்துவிட்டு, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில், திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் செக்யூர் முறையில், வேகத்தைக் குறைத்து ஒருமுறை முயன்று பாருங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள், தட்டின் சுழல் பாதையோடு விழும் கீறல்தான் பிழைதிருத்தத்தை அதிகம் திணறடிக்கும். வேறொரு டிரைவ் இருந்தால் அதிலும் முயலுங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

எப்படியும் சிடியை எடுக்கிறீர்கள் என்பதால், முழு ஆல்பத்தையும் ஃப்ளாக் வடிவில் எடுத்துவிடுங்கள் என்பது என் பரிந்துரை. மொத்தச் சாம்பிள் எண்ணிக்கை ஃப்ளாக்கின் தலைப்பிலேயே இருக்கும், நிரப்பல் என்ற பேச்சே இல்லை. அளவு பெரும்பாலும் மூல ஒலியில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் வரும்.

கேள்வி கேட்டவர்

பழைய மடிக்கணினியின் டிரைவில் ஒன்பதாவது டிராக் பிழையின்றி வந்துவிட்டது. அந்த ஒன்றைப் படிக்க மட்டும் நாற்பது நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. இரண்டு சிடிக்களையும் ஃப்ளாக்கில் எடுத்து, கோப்புறையை நானே கார்டில் இழுத்துப் போட்டு, நேற்று இரவு முதல் டிராக்கிலிருந்து கடைசி வரை கேட்டேன். அறுபட்ட இடம் ஒன்றுகூட இல்லை. பதிவிறக்கிய பழைய ஒன்பதாவது டிராக்கில் கைதட்டலின் முதல் பகுதி வெட்டுப்பட்டிருந்தது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. கேள்வியைத் தீர்ந்ததாகக் குறித்துவிடுகிறேன். உதவிய அனைவருக்கும் நன்றி.