வார்டோ மீன் மேசையில் அம்மா

புலம்பெயர்ந்த அம்மாக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'தியாகம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். என் அம்மாவின் இறுதிக் கிரியையில் பேசிய எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா கைதேர்ந்த தொழிலாளி. அவருடைய தொழிலைப் பற்றி அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை.

1983 கலவரத்துக்குப் பிறகு அப்பா படிக்கவென்று நோர்வேக்குப் போனார். யாழ்ப்பாணத்துக் காரைநகர் ஆட்களுக்கு நோர்வே புதிய பெயர் அல்ல. அந்த நாட்டு உதவியோடு நடந்த சீநோர் படகுத் தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் இருந்தது. படிப்பு முடிந்ததும் அப்பாவுக்கு வேலை கிடைத்தது நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில். அங்குள்ள மீன் தொழிற்சாலைகளில் அப்போது ஆள் பற்றாக்குறை. எங்கள் இளைஞர்கள் பலர் அப்படித்தான் வடக்கே போனார்கள். 1987இல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வார்டோவுக்கு வந்து சேர்ந்தார். வார்டோ ஒரு சிறிய தீவு. கடலுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைதான் தரைக்கு வழி. காற்று மரங்களை வளர விடாத ஊர்.

காரைநகரில் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத குடும்பத்தில் பிறந்தவர் அம்மா. வார்டோவில் நாள் முழுவதும் மீனோடுதான் நின்றார். வேலை முடிந்து வந்ததும் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு விளக்கேற்றுவார். கோடையில் அங்கே சூரியன் மறையாது. மணிக்கூட்டைப் பார்த்து, ஆறு மணியானால் விளக்கு.

பள்ளி விடுமுறையில் நானும் சில வாரங்கள் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அம்மா என்ன செய்கிறார் என்று அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். எலும்பு எடுக்கும் மேசையின் மேல்தட்டு வெள்ளைக் கண்ணாடி, அடியில் விளக்கு எரியும். தோலுரித்த கொட் மீன் துண்டை அதன் மேல் வைத்தால் வெளிச்சம் சதையை ஊடுருவி வரும். உள்ளே சுருண்டு கிடக்கும் புழு மண்ணிறப் புள்ளியாகத் தெரியும். அதைக் கத்தி முனையால் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு நடு எலும்பு வரிசையை இரண்டு சாய்ந்த வெட்டில் நீக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் நல்ல சதை வீணாகும், மேலாக வெட்டினால் முள் தங்கிவிடும். எவ்வளவு வேகம், எவ்வளவு சதை மிஞ்சியது, எத்தனை பிழை என்று கணக்குப் பார்த்துத்தான் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை. நான் ஒரு துண்டோடு போராடி முடிப்பதற்குள் அம்மாவின் பக்கத்தில் நான்கைந்து துண்டுகள் கண்ணாடி போலச் சுத்தமாகக் கிடக்கும். "கண்ணை நம்பாதே பிள்ளை, விரலால் தடவிப் பார்" என்பார். அவருடைய கத்தியை வேறு யாரும் தொடக்கூடாது. அதை அவரே தீட்டுவார். புதிதாக வரும் நோர்வேஜியப் பெண்களையும் பழகுவதற்கு அம்மாவின் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள்.

1990ஐ ஒட்டி பாரன்ட்ஸ் கடலில் கொட் மீன் அருகிப்போய், பிடிக்கக்கூடிய அளவை அரசு வெகுவாகக் குறைத்தது. தொழிற்சாலை ஆட்களை வீட்டில் இருக்கச் சொன்னது. அந்தக் காலத்தைப் பற்றி அம்மா பிறகு பேசியதே இல்லை.

பொங்கலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வார்டோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி இருபதாம் தேதியை ஒட்டித்தான் திரும்பும். தைப்பொங்கல் அன்று வெளியே கும்மிருட்டு. அம்மா அன்றைக்கு அடுப்பில் பொங்கி, கிழக்குப் பக்கத்து ஜன்னலில் படைப்பார். சூரியனின் முழு வட்டமும் தெரியும் நாளில் வார்டோ கோட்டையில் பீரங்கி முழங்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அன்று அம்மா மறுபடியும் பொங்குவார். பெரிய சட்டியில் சர்க்கரைப் பொங்கல் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைக்குப் போகும். அவர்களுக்கும் அது கொண்டாட்டம்தான். சூரியன் திரும்பும் நாளுக்கென்று ஜாம் வைத்த பணிஸ் செய்து கொண்டுவருவார்கள். ஒரே மேசையில் பொங்கலும் பணிசும். எந்தப் பண்பாட்டு விழாவிலும் நான் அதைவிட நல்ல காட்சியைப் பார்த்ததில்லை.

1995 அக்டோபர் 30, வலிகாமம் இடப்பெயர்வு. போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய நாள். அம்மம்மாவும் மாமாவும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்களா இல்லையா என்றே தெரியாது. இரவில் பிபிசி தமிழோசை, காலையில் மீன் மேசை. அந்த வாரங்களிலும் அம்மாவின் வெட்டு பிசகவில்லை என்று பக்கத்து மேசை அன்ரி பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னார். பிசகினால் ஊக்கத்தொகை குறையும், குறைந்தால் ஊருக்கு அனுப்பும் காசு குறையும். எனக்கு அதில் பெருமையும் உண்டு, கோபமும் உண்டு. அழுவதற்குக்கூட அந்த வேலை அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

1999இல் ஒஸ்லோவுக்கு மாறினோம். அம்மா முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அமரூட் முருகன் கோயிலுக்குப் போய்வந்தார், பேரப்பிள்ளைகளைக் கண்டார். கடைசிவரை அவர் பேசிய நோர்வேஜிய மொழியில் வடக்கின் இழுவை இருந்தது. ஒஸ்லோ ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

வார்டோவிலோ ஹொன்னிங்ஸ்வோகிலோ போட்ஸ்ஃபியோர்டிலோ மீன் மேசையில் நின்ற அம்மாக்களின் பிள்ளைகள் இதைப் படித்தால், உங்கள் அம்மா எந்த மேசையில் நின்றார், என்ன வெட்டினார், யாருக்குப் பழக்கிக் கொடுத்தார் என்பதையும் எழுதுங்கள். அவர்களோடு வேலை செய்த அன்ரிமார் பலர் இன்னும் இருக்கிறார்கள். இப்போதே கேட்டுவிடுங்கள்.