பிரைமரியில் தோற்றவர் பொதுத்தேர்தலைக் கெடுக்க முடியுமா?

பழையபேப்பர்:
அமெரிக்காவில் கட்சி வேட்பாளர் யார் என்பதற்கே முதலில் பிரைமரி தேர்தல் நடக்கும். அதில் தோற்றவர் அடங்கி உட்காராவிட்டால் என்ன ஆகும்? 1912-ஐப் பாருங்கள். பிரைமரி நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றை ஜெயித்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். ஆனால் கட்சி மாநாட்டில் வேட்பாளர் ஆனது ஜனாதிபதி பதவியில் இருந்த டாஃப்ட். ரூஸ்வெல்ட் கோபித்துக்கொண்டு தனிக்கட்சி கண்டார். அவருக்கு 27 சதவீதம், டாஃப்டுக்கு 23. எதிர்க்கட்சியின் உட்ரோ வில்சன் 42 சதவீதத்தில் ஜனாதிபதி!

நடுநிசி:
நூறு வருஷத்துக்கு முந்தைய கதை சார் அது. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் அதே தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடியாதபடி சட்டம் இருக்கிறது.

பழையபேப்பர்:
நிற்காமலே கெடுக்கலாம் தம்பி. 1980 ஆகஸ்ட், நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அப்போதைய ஜனாதிபதி கார்ட்டரிடம் பிரைமரியில் தோற்ற எட்வர்ட் கென்னடி மேடைக்கு வந்தார். கைகுலுக்கினார், அவ்வளவுதான். இரண்டு பேரும் கைகோத்துத் தூக்கும் படம் ஒன்று கிடைக்காதா என்று ஜனாதிபதியே அவர் பின்னால் அலைகிறார். கென்னடி கூட்டத்துக்குக் கையசைத்தபடி நகர்ந்துகொண்டே இருக்கிறார். நாடே டிவியில் பார்த்தது. நவம்பரில் எதிர்க்கட்சியான ரிபப்ளிகனின் ரீகனுக்கு 489 எலக்டோரல் ஓட்டு (மாநிலவாரியாகக் கணக்கிட்டு ஜனாதிபதியைத் தீர்மானிக்கும் ஓட்டு), கார்ட்டருக்கு 49.

நடுநிசி:
காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதை. கார்ட்டரை வீழ்த்தியது விலைவாசியும் ஈரான் பிணைக்கைதிகள் விவகாரமும். அதே வருடம் ரிபப்ளிகன் பிரைமரியில் தோற்ற ஜான் ஆண்டர்சன் சுயேச்சையாக நின்று கிட்டத்தட்ட 7 சதவீதம் வாங்கினார். யாரைக் கவிழ்த்தார்? அவர் ஓட்டு முழுவதையும் கார்ட்டருக்குக் கொடுத்தாலும் ரீகனை எட்டாது.

சும்மாபோறவன்:
ஜனாதிபதி தேர்தலையே பிடித்துத் தொங்குகிறீர்களே! 2010 அலாஸ்கா செனட் தேர்தல். ரிபப்ளிகன் பிரைமரியில் தோற்ற செனட்டர் லிசா முர்கவ்ஸ்கியின் பெயர் வாக்குச் சீட்டிலேயே இல்லை. வாக்காளரே பேனாவால் எழுத வேண்டும், அதுவும் அந்தப் பெயரை! ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுப்பதே பிரசாரம். பெயர் அச்சடித்த கைப்பட்டைகூடக் கொடுத்தார்கள். பிழையாக எழுதிய ஓட்டு செல்லாது என்று பிரைமரியில் ஜெயித்த ஜோ மில்லர் கோர்ட்டுக்குப் போனார். நடக்கவில்லை, முர்கவ்ஸ்கிதான் செனட்டர். (நமக்கெல்லாம் எழுதச் சொன்னால் அரைப் பெயரிலேயே திணறிவிடுவோம்.)

நடுநிசி:
சூப்பர் கதைதான். ஆனால் செனட் இடம் ரிபப்ளிகன் கையிலேயே இருந்ததே, கட்சிக்கு என்ன நஷ்டம்?

பழையபேப்பர்:
நஷ்டக் கணக்குதானே? 2016. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஹிலாரியிடம் தோற்றவர் சாண்டர்ஸ். அந்தப் பிரைமரியில் சாண்டர்ஸுக்கு ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் நவம்பரில் டிரம்புக்குப் போட்டதாக ஒரு பெரிய கருத்தாய்வு சொல்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் டிரம்பிடம் ஹிலாரி தோற்றது 10,704 ஓட்டில்.

நடுநிசி:
சாண்டர்ஸ் ஹிலாரிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினாரே! அதையும் மீறி மாற்றிப் போட்டவர்களை அவர் தலையில் கட்டுவதா? 2008-ல் பிரைமரியில் ஒபாமாவிடம் தோற்ற ஹிலாரியின் ஆட்கள் அதைவிட அதிகமாக ரிபப்ளிகன் வேட்பாளர் மெக்கெய்ன் பக்கம் போனார்கள். ஒபாமா ஜெயிக்கவில்லையா?

பழையபேப்பர்:
ஒபாமா 7 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தவர், அவருக்குத் தாங்கும். சரி, 1980-ஐ வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனை விடமாட்டேன்.