டுபாடியா மொட்டு: ஒரு செல்லில் 13, அடுத்த செல்லில் 14. எதை நம்புவது?

வேர்நுனி கேட்டது:

ஹவாய்ப் பெருந்தீவில், மௌனா கியாவுக்கும் மௌனா லோவாவுக்கும் நடுவே உள்ள மேட்டு நிலத்தில் எடுத்து நிலைப்படுத்திய மொட்டுகள் வந்திருக்கின்றன. லேபிளில் டுபாடியா சிலியோலாட்டா (சூரியகாந்திக் குடும்பத்து ஹவாய்ப் புதர்) என்று இருக்கிறது. அதன் ஒருமடிய எண் (மகரந்தம் போன்ற பாலின செல்லில் உள்ள குரோமோசோம் எண்ணிக்கை) 13 என்பது பழைய பதிவு. அசிட்டோகார்மைன் சாயத்தில் மகரந்தத் தாய் செல்களை (பிரிந்து மகரந்தமாகும் செல்கள்) பார்த்தால் சிலவற்றில் 13 உருக்கள், சிலவற்றில் 14. அதே இடத்தில் டுபாடியா ஸ்கேப்ராவும் வளர்கிறது, அதற்கு 14. ஸ்லைடு சரியில்லையா, லேபிள் தப்பா? இன்னொன்று, இந்த எண்களை வைத்து எது எதற்கு உறவு என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்? மொட்டு மிச்சம் கொஞ்சம்தான், வீணடிக்க முடியாது.

ஸ்குவாஷ்காரன்:

முதலில் ஸ்லைடைப் பார்ப்போம்.

நிலைப்படுத்தி (செல்லை அந்த நிலையிலேயே நிறுத்தும் திரவம்) எப்போது கலந்தது என்று கேளுங்கள். எத்தனால் 6, குளோரோஃபார்ம் 3, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 என்ற கலவை கலந்த அன்றே பயன்பட வேண்டும். வைத்திருந்தால் ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து எஸ்டராகிவிடும், செல்லுக்குள் ஊடுருவும் வேகம் போய்விடும். மொட்டின் கொள்ளளவைப் போல் 10 மடங்காவது திரவம் வேண்டும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் பல மாதம் தாங்கும். இதையெல்லாம் செய்யாத மொட்டில் குரோமோசோம்கள் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கும். அதில் 13, 14 என்று வாதாடுவதே வீண்.

மொட்டைச் சிக்கனமாகச் செலவழிக்க வழி இருக்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தில் தலைமஞ்சரியின் பூக்கள் வெளியிலிருந்து உள்நோக்கி முதிரும். வெளிப்பூவில் ஒரு மகரந்தப்பையை மட்டும் நசுக்கிப் பாருங்கள். நான்கு செல் கூட்டம் தெரிந்தால் வேளை கடந்துவிட்டது, ஒரு சுற்று உள்ளே போங்கள். டுபாடியாவின் தலை சிறியது, பூவும் குறைவு. ஒரே தலையில் கிடைக்காவிட்டால் கொத்தில் பக்கத்துத் தலைக்குப் போகலாம்.

ஒரு சொட்டுச் சாயத்தில் பையைத் துருப்பிடித்த ஊசியால் கிழியுங்கள். இரும்பு பட்டால் சாயம் கருஞ்சிவப்பாகப் பிடிக்கும். நீலம் கலந்து வண்டல் விழ ஆரம்பித்தால் இரும்பு அதிகம், உடனே நல்ல ஊசிக்கு மாறுங்கள். பையின் தோலை ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கவர்ஸ்லிப். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் கண்ணாடி தூக்கிக்கொண்டு நிற்கும், செல் தட்டையாகாது. ஸ்பிரிட் விளக்குச் சுடர் மேல் மூன்று நான்கு முறை காட்டுங்கள், கொதிக்கக் கூடாது. உறிஞ்சுதாளுக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் நேர் கீழே அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல் உடைந்து ஒன்றிரண்டு குரோமோசோம் காணாமல் போகும்.

ஓரம் முழுசாகத் தெரியும் செல்களை மட்டும் எண்ணுங்கள், 15 செல்லாவது வேண்டும். ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தி ஒவ்வொன்றையும் வரைந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு படம் போதாது, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் இரண்டு இணைகள் அதில் ஒன்றாகத்தான் விழும்.

தீவுச்செடி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஸ்லைடு நன்றாக இருந்துமே 13-ம் 14-ம் மாறி மாறி வரலாம். நீங்கள் எண்ணியது ஒவ்வொரு குரோமோசோமையா, இணைந்து ஒன்றாகத் தெரியும் உருக்களையா?

மகரந்தத் தாய் செல்லில் ஒத்த குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணையும். சுத்தமான சிலியோலாட்டாவில் எப்போதும் 13 இணை. சுத்தமான ஸ்கேப்ராவில் 14 இணை. இரண்டும் கலந்த செடியில் மொத்தம் 27 குரோமோசோம். அவற்றில் 12 இணைகளும், மூன்று குரோமோசோம் கோத்த ஒரு சங்கிலியும் அமைந்தால் கண்ணுக்கு 13 உரு. அதே சங்கிலியில் ஒன்று கழன்றால் 13 இணையும் ஒரு தனியும், அதாவது 14 உரு. உங்கள் ஸ்லைடில் நடப்பது இதுவாக இருக்கலாம். இந்த இரண்டு இனங்களும் பெருந்தீவில் இயற்கையாகவே கலக்கின்றன.

உறுதிசெய்ய முதல் அனஃபேஸைத் தேடுங்கள், அதாவது மியாசிஸின் (மகரந்தம் உண்டாகும் செல்பிரிவு) முதல் பிரிவில் இணைகள் பிரிந்து இரு துருவங்களுக்குப் போகும் கட்டம். ஒரு துருவத்தில் 13, மறு துருவத்தில் 14 என்றால் முடிந்தது. நடுவில் பின்தங்கிய தனி ஒன்று கிடந்தால் அதுவும் சாட்சி. சங்கிலியின் நடு ஆள் ஒரு பக்கமும் ஓரத்து இரண்டும் மறு பக்கமும் போனால் மகரந்தம் பிழைக்கும். ஓரத்து இரண்டும் பிரிந்துபோனால் பிழைக்காது. ஆகவே லாக்டோபீனால் காட்டன் புளூவில் 500 மகரந்தத்தை எண்ணி, சுருங்கிச் சாயம் ஏறாதவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். உலர்மாதிரியையும் எடுத்துப் பாருங்கள்: ஸ்கேப்ரா தரையோடு படரும், வெள்ளைப் பூ. சிலியோலாட்டா நிமிர்ந்த புதர், மஞ்சள் பூ.

ஒரு எச்சரிக்கை. கலப்புச் செடி மறுபடி சிலியோலாட்டாவோடு சேர்ந்தால் பிள்ளையில் மீண்டும் 13 இணை வரலாம். எண் சுத்தமாக இருப்பதால் செடியும் சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

இனி உறவு. டுபாடியாவின் நெருங்கிய ஹவாய் உறவுகளான ஆர்கிரோக்சிஃபியம், வில்கீசியா இரண்டிலும் 14. பழைய தீவான கௌவாயின் டுபாடியாக்களும் 14. 13 உள்ளவை டுபாடியாவுக்குள் ஒரு கிளைதான். ஆகவே 14-லிருந்து 13 வந்தது என்று படிக்கிறோம். வறண்ட இடங்களில் 13-காரர்கள் அதிகம். ஆனால் குரோமோசோம் குறைந்ததால்தான் வறட்சி தாங்குகிறது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

14-ம் 14-ம் ஒன்று என்றும் எண்ணாதீர்கள். ஜெரால்ட் காரும் டொனால்ட் கைஹோசும் கலப்புச் செடிகளின் மியாசிஸை வரிசையாகப் பார்த்தார்கள். 14 உள்ள இரண்டு இனங்களைக் கலந்தால் சிலவற்றில் 14 இணை ஒழுங்காக வரும், சிலவற்றில் 12 இணையும் நான்கு சேர்ந்த வளையமும் வரும். துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். உறவைச் சொல்வது அந்தப் பொதுவான இடமாற்றங்கள்தான். வெறும் எண் அதைச் சொல்லாது.

மகரந்தப்பை:

குறுக்கிடுகிறேன். இவ்வளவு சிரமம் எதற்கு, ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்லின் டிஎன்ஏ அளவை அளக்கும் முறை) இலையைப் போட்டால் 26-ஆ 28-ஆ (13, 14-இன் இரட்டிப்பு) என்று தெரிந்துவிடாதா?

தீவுச்செடி:

தெரியாது. இரண்டு குரோமோசோம் ஒன்றாகச் சேர்ந்தால் எண் குறையும், டிஎன்ஏ அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அந்தக் கருவி மடியம் (குரோமோசோம் தொகுதிகளின் எண்ணிக்கை) மாறியிருக்கிறதா என்று பார்க்க நல்லது, இந்த வேலைக்கு உதவாது.

கலிபோர்னியா உறவைப் பற்றியும் யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்கிறேன். டுபாடியா, ஆர்கிரோக்சிஃபியம், வில்கீசியா கூட்டத்தின் மூதாதை அங்கிருந்து வந்த டார்வீட் (சூரியகாந்திக் குடும்பத்துச் செடி) வகை, இரண்டு பரம்பரைகள் கலந்து உண்டான நான்மடியம். 1999-இல் பூ அமைப்பு மரபணுக்களைப் பார்த்தபோது ஹவாய்ச் செடிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள் கிடைத்தன. ஒன்று கலிபோர்னிய டார்வீட்டான அனிசோகார்பஸ் ஸ்காப்ரிடஸ் பக்கம் போனது, மற்றது கார்ல்குவிஸ்டியா மியூரி பக்கம். அவற்றின் எண் 7, 8. கூட்டினால் 15 வருகிறது, 14 இல்லை. எண்களைக் கூட்டி மூதாதை கண்டுபிடிப்பவர்கள் இதை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

வேர்நுனி:

நன்றி. உருக்களைத்தான் எண்ணியிருக்கிறேன், குரோமோசோமை அல்ல. அனஃபேஸ் செல் ஒன்றுகூட இல்லை. வேர்நுனியில் 27 பார்க்கலாமா? விதையும் கொஞ்சம் தந்திருக்கிறார்கள்.

ஸ்குவாஷ்காரன்:

விதையை முளைக்கவைத்தால் கிடைப்பது பிள்ளையின் எண், இந்தச் செடியின் எண் அல்ல. தாய்ச்செடியின் போத்து வேர்விட்டால் மட்டுமே 27 என்பதற்கு அர்த்தம். வேர்நுனி 1 செ.மீ. வெட்டி, 0.002 மோலார் 8-ஹைட்ராக்ஸிகுயினோலினில் குளிரான இடத்தில் 4 மணி நேரம் வையுங்கள். பிறகு நிலைப்படுத்தி, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 8 நிமிடம். 15 நிமிடம் விட்டால் நுனி கரைந்து சாயமும் பிடிக்காது. போத்து இல்லையென்றால் மிச்சமிருக்கும் மொட்டில் சற்று முதிர்ந்த பூக்களை எடுங்கள், அனஃபேஸ் அங்கேதான் இருக்கும்.